மாமி வீட்டு அடைப்பு

சமையலறைச் சிங்கில் தேங்கி நின்ற தண்ணீரை அர்கம் குனிந்து பார்த்தான். நடுவில் ஒரு மிளகாய்க் காம்பு மிதந்துகொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு விரலைத்தான் உள்ளே விட்டிருப்பான். பின்னால் மாமி அலீமாவின் குரல் கேட்டது.

"மருமகன், அதில கை வைக்காதீங்க. நீங்க போய் ஃபேனுக்குக் கீழ இரிங்க."

அர்கம் போய் ஃபேனுக்குக் கீழே இருந்தான். கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் பார்க்கிற ஒரே வேலை அதுதான்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வந்தவனை அவர்கள் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பொரித்த மீனில் நடுத்துண்டு அவனுக்கு. ஒருநாள் குடித்த கோப்பையைத் தானே கழுவப் போனபோது, மாமியும் மனைவி றிஷ்னாவும் வீட்டில் களவு போனதுபோல ஓடிவந்து பறித்துவிட்டார்கள். முந்தலில் இறால் பண்ணையில் குளம் குளமாகத் தண்ணீருக்கு மருந்து போடுகிறவன் அவன். இங்கே குழாயைத் திறந்துவிடக்கூட ஆள் வந்து நின்றது. மரியாதை நல்லதுதான். ஆனால் ஒரு மனிதன் எத்தனை மாதத்துக்கு விருந்தாளியாக இருப்பான்? மாமி தன்னை இந்த வீட்டுப் பிள்ளையாக நினைத்து ஒரு வேலை சொல்ல வேண்டும், முடிந்தால் நாலு ஏச்சு ஏச வேண்டும் என்று அவன் மனம் ஏங்கியது.

அடைப்பு எடுக்கக் குழாய் வேலை தெரிந்த ஒரு பாஸைக் கூட்டிவரட்டுமா என்று மாமியிடம் கேட்டான். வேண்டாமாம். தண்ணீர் தானாக இறங்கிவிடுமாம். தண்ணீர் இறங்கவில்லை. மாமிதான் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தினமும் கிணற்றடிக்கு இறங்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமியும் மாமா ஜப்பாரும் சொந்தத்தில் பிறந்த ஒரு குழந்தையைப் பார்க்கப் பள்ளிவாசல்துறைக்குப் புறப்பட்டார்கள். அவர்களுடைய ஓட்டோ முடக்கில் திரும்பியதுதான் தாமதம், அர்கம் சாரத்தை மடித்துக் கட்டினான்.

றிஷ்னா போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தாள். அதில் ஒரு பெண் சிரித்தபடியே ஒரு கரண்டி அப்பச்சோடாவைப் போட்டு அரைக் கோப்பை வினாகிரியை ஊற்றினாள். தண்ணீர் சுழன்றுகொண்டு ஓடியது. கடை மருந்து கையை எரிக்கும், வீட்டு மருந்துக்கு ஒரு பயமும் இல்லை என்றாள் அந்தப் பெண். அவள் அர்கமைப் பார்த்ததில்லை.

குளத்துக்கு மருந்து போட்டுப் பழகிய கை, கரண்டியோடு நிற்குமா? அப்பச்சோடாப் பைக்கற்றை முழுதாகக் கவிழ்த்தான். மாமி அச்சாறு போட வைத்திருந்த தேங்காய் வினாகிரியைப் போத்தலோடு சரித்தான்.

நுரை வந்தது. சிங்கை நிறைத்தது, விளிம்பைத் தாண்டியது, மேடையில் ஊர்ந்து மிளகாய்த்தூள் டின்னைச் சுற்றி வளைத்தது. தண்ணீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கூடிப்போச்சோ?" என்று றிஷ்னா கேட்டாள்.

"காணாது போல," என்றான் அர்கம்.

அடுத்த வீடியோவில் உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த கொதிநீர் ஊற்றினார்கள். அவனும் ஒரு கேத்தல் நிறைய ஊற்றினான். நிறைந்த சிங்கில் அது எங்கே போகும்? நேரே அவன் காலுக்கு வந்தது. அவன் ஒற்றைக் காலில் சமையலறையைச் சுற்றிவர, புருஷனுக்கு உதவி செய்கிற நல்ல எண்ணத்தில் றிஷ்னா சட்டி கழுவும் திரவத்தைப் பிழிந்துவிட்டாள். இப்போது நுரை விறாந்தை வரை போனது. பூனை ஒருமுறை பார்த்துவிட்டு மதிலேறிப் போய்விட்டது.

கடைசியில் அர்கம் தன் ரப்பர்ச் சிலிப்பரைக் கழுவி, சிங்கின் ஓட்டைமேல் வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அமுக்கினான். கீழே ஏதோ கழன்ற சத்தம் கேட்டது. குனிந்து தொட்டதும் சிங்குக்கு அடியிலிருந்த வளைவுக் குழாய் கையோடு வந்துவிட்டது. சோடா, வினாகிரி, எலுமிச்சை, போன கிழமைக் குழம்பு எல்லாம் ஒன்றாய் நிலத்தில் இறங்க, வெங்காயக் கூடை மெல்ல வாசலை நோக்கிப் புறப்பட்டது.

அந்த வெள்ளத்தில் சின்னச் சின்னக் கடதாசிகள் மிதந்து வந்தன. சிவப்பு, பச்சை, பொன்னிறம். அர்கம் வளைவுக் குழாய்க்குள் விரலை விட்டு இழுத்தான். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"டொபிக் கடதாசி," என்றாள் றிஷ்னா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவுக்குச் சீனி வியாதி. டொக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து மாமி அவருக்குக் காவல் இருந்தார். அவருக்குத் துணையாகத் தானும் இனிப்பைத் தொடுவதில்லை என்று தெரு முழுக்க நல்ல பெயரும் எடுத்திருந்தார். தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மாமா ஏன் அடிக்கடி சமையலறைப் பக்கம் போகிறார் என்பது அர்கமுக்கு இப்போது விளங்கியது.

"வாப்பா இண்டைக்கு முடிஞ்சார்," என்றாள் றிஷ்னா. அந்த நேரம் பார்த்துக் கேற் திறந்தது.

மாமி சமையலறை வாசலில் வந்து நின்றார். நுரையைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார், அர்கமின் கை நிறைய இருந்த கடதாசியைப் பார்த்தார். அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மாமாவின் முகம் வெளுத்துப் போனது.

"இது யார்ட வேல?" என்று மாமி கேட்டார். குரல் வழமையைவிடத் தணிந்திருந்தது.

மாமா பாவம், நல்ல மனுசன். அவரைக் காட்டிக் கொடுக்க அர்கமுக்கு மனம் வரவில்லை.

"நான்தான் மாமி. சோறு திண்டதுக்குப் பொறகு ஒரு டொபி திண்டாத்தான் எனக்குச் சரிவரும்."

மாமி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு தொடங்கினார்.

"வெக்கமில்லையா மகன் உனக்கு? இவ்வளவு வளந்தும் சின்னப் புள்ள மாதிரி டொபி திண்டு சிங்குல போடுறியா? அந்தத் துணிய எடுத்து நிலத்தத் துட. மூலையெல்லாம் துட."

'மருமகன்' என்பதும் போய்விட்டது, 'நீங்க' என்பதும் போய்விட்டது. இந்த வீட்டில் முதல் தடவையாக அவனை ஒருவர் ஏசிவிட்டார். அர்கமுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. முழங்காலிட்டு மூலை மூலையாகத் துடைத்தான்.

மாமி உடுப்பு மாற்ற உள்ளே போனதும், மாமா மெல்ல வந்து பக்கத்தில் குந்தி, ஈரத்துணியின் மறு நுனியைப் பிடித்துப் பிழிய உதவினார்.

"பயப்படாதீங்க மாமா. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்," என்றான் அர்கம்.

மாமா உள் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"நான் திண்டா கடதாசிய மதிலுக்கு அங்கால எறிஞ்சிருவன் மகன். இதெல்லாம் உங்கட மாமிட வேல."