கோட்டைக் கதவின் மோட்டார்

ரோக்காவெர்னா,
திருவிழாவுக்கு மறுநாள்

மதிப்பிற்குரிய ஒர்னெல்லா அத்தைக்கு,

தூல்லியோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவது மரியாதை, தொடங்கிவிட்டேன். போனில் சொன்னால் நடுவிலேயே அழுவீர்கள், அதனால்தான் கடிதம்.

முற்றுகைத் திருவிழாவில் எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடும் துரோகி வேஷம் அப்பாவுடையது, திறந்தபின் அடுத்த ஞாயிறு கோயில் மணி அடிக்கும்வரை ஊரில் ஒருவரும் துரோகியோடு பேசக்கூடாது என்பதெல்லாம் இங்கே பிறந்த உங்களுக்குத் தெரியும். அம்மா இருந்தவரை இது பிரச்சினையே இல்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உப்பு போதுமா போதாதா, வாயைத் திறந்து சொல்லேன் பானையே" என்பாள். பானைக்காக அப்பா பதில் சொல்வார். அந்தச் சலுகை எனக்கில்லை, நான் அப்படிப் பானையிடம் பேசினாலும் அப்பா காதில் வாங்கமாட்டார். இந்த வசந்தத்தில்தான் அம்மாவைப் புதைத்தோம், அந்த வீட்டில் இத்தனை நாள் பேச்சில்லாமல் விட்டால் மனிதர் தாங்கமாட்டார், இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்று கமிட்டித் தலைவர் நேவியோவிடம் கேட்டேன். கடையில் முடிதிருத்திக்கொண்டிருந்த நேவியோ கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உங்கப்பனை விட்டா, நாளைக்கு வேஷத்துல சாகற சிப்பாயெல்லாம் நாற்காலி கேப்பான்டா" என்றார். அப்பாவோ, "என் வேஷத்துல கைவெக்க நீ யாருடா? போய் உன் மோட்டாரைப் பாரு" என்றார்.

பார்த்தேன். கதவுச் சங்கிலியை இழுக்க நான் பொருத்திய மோட்டார்தான். மழை ஈரத்தில், மோட்டாரை ஓடவைக்கும் ரிலே ஒட்டிக்கொண்டு, அப்பா இன்னும் படிக்கட்டுக்குப் பின்னால் பூட்ஸ் கட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு தானாகத் திறந்துவிட்டது. எதிரிப்படை வாயில் பாதி மென்ற சாஸேஜோடு உள்ளே ஓடிவந்தது. ஒற்றைப் பூட்ஸோடு குறுக்கே பாய்ந்த அப்பா, "டேய், நான் இன்னும் துரோகமே பண்ணலடா! வெளிய போங்கடா!" என்று அலறினார். கூட்டம் கைதட்டியது. நேவியோ அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: "கதவைத் திறந்தது எவன் மோட்டாரு? அவன்தான் இந்த வருஷத் துரோகி."

இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை. இன்று காலை ரொட்டிக்கடையில் வாய்விட்டுக் கேட்டேன், கடைக்காரி என்னைத் தாண்டி எட்டிப்பார்த்து, "உனக்கு என்னடா வேணும் ராஜா?" என்று பின்னால் நின்ற நாயைக் கேட்டாள். அப்பாவுக்கோ ராஜமரியாதை. மதுக்கடையில் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றி அம்மாவைப் பற்றியே பேசினார்களாம், அவர் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து என் முன்னால் தட்டை வைத்தார், எதிரில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார், போய்ப் படுத்துவிட்டார். ஊர்ச் சட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை, நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம்.

மாமாவின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்லவும். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அன்புடன்,
தூல்லியோ

பி.கு.: ரிலேயில் ஒரு கோளாறும் இல்லை. ஸ்விட்சை அழுத்தியது நான். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். வர வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். அம்மா போனபின் அவளைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் பேசவில்லை. திருவிழா முடியட்டும், அப்பாவிடம் பேசலாம் என்று இருந்தேன். நீங்கள் தூரின் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர், இந்த ஊர்ச் சட்டம் உங்களைக் கட்டாது. கடிதம் கிடைத்ததும் அடுத்த பேருந்திலேயே வாருங்கள், அத்தை.