தேயும் இடது டயர்

ஏப்ரலில் மாட்டிய டயர். மே பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஓரங்கள் திட்டுத்திட்டாகத் தேய்ந்துவிட்டன. குகதாசன், காரில் கொளுவி இழுத்துப்போகும் வீட்டுவண்டியான கரவனின் இடது சக்கரத்துக்கு முன்னால் முழங்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது டயரிலோ, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மயிர்கூட இன்னும் உதிரவில்லை.

"ஒரே நாளில வாங்கின ரெண்டு ரயர். ஒரே றோட்டில ஓடுது. ஒண்டு மட்டும் ஏன் தேயுது?"

நோர்வேயில், வெஸ்ட்லியில் கரவன்கள் நிறுத்தும் முற்றத்தில் வேறு யாரும் இல்லை. கரவனுக்குள் துடைத்துக்கொண்டிருந்த மனைவி இராஜேஸ்வரி மட்டும் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ள சாமிப்படம் தெற்கைப் பாத்துக்கொண்டிருக்கு. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

"பிறகு பாப்பம். முதல் ரயர்."

குகதாசன் மெட்ரோ ரயில் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாகச் சக்கரம் அளப்பவர். அவருடைய கரவனிலேயே ஒரு சக்கரம் கோணலாக இருப்பதென்றால், அது மானப் பிரச்சினை.

முதலில் டயர்களை இடம் மாற்றினார். பழுது டயரில் இருந்தால் அது வலப்பக்கம் போகும், கரவனில் இருந்தால் இடப்பக்கமே நிற்கும். நல்ல பரிசோதனைதான். இரண்டே வாரத்தில் முடிவும் கிடைத்தது: நல்ல டயரும் இடப்பக்கம் வந்து தேய்ந்துபோயிற்று. ஒரு டயர் கெட்டிருந்த இடத்தில் இப்போது இரண்டு.

"வடிவாய் இருக்கு உங்கட பரிசோதனை. இன்னொரு ரயர் போனால் கரவனை வித்துப்போடுவம். ஜூலையில லொஃபோட்டனுக்குப் பிளேனில போவம்" என்றார் இராஜேஸ்வரி.

வடக்கே லொஃபோட்டன் தீவுக் கடற்கரையில், தன் கரவன் வாசலில், தன் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்க நாலு வருடமாகக் காத்திருக்கிற மனிதர் குகதாசன். அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. புதிதாக இரண்டு டயர் வாங்கி மாட்டினார். அன்றைக்கே, தாங்கள் வசிக்கும் அம்மருட்டில் அடுத்த வீட்டில் இருக்கும் மதுரைக்கார எஞ்சினியர் நரேஷையும் கூட்டி வந்தார்.

"ஆக்ஸில் நேரா இல்லண்ணா. சிம்பிள் ட்ரையாங்கிள்தான்" என்றான் நரேஷ்.

விஷயம் உண்மையிலேயே எளிது. காரில் கொளுவும் முன்முனையிலிருந்து இடது சக்கரத்தின் நடுவுக்கு ஒரு தூரம், வலது சக்கரத்தின் நடுவுக்கு ஒரு தூரம். இரண்டும் சமமாக இருந்தால் அச்சு நேர். வித்தியாசம் இருந்தால் அச்சு ஒரு பக்கம் முந்தி நிற்கிறது. அப்படி நின்றால் சக்கரம் போகும் திசைக்கும் உருளும் திசைக்கும் ஒத்துவராது. டயர் உருண்டுகொண்டே கொஞ்சம் பக்கவாட்டில் இழுபடும், இழுபட்டால் தேயும்.

நைலோன் நூலைப் பிடித்து அளந்தார்கள். பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம்.

"பிடிச்சிட்டம்!" என்று குகதாசன் கை தட்டினார்.

அச்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இடப்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, திரும்ப முறுக்கினார்கள். பக்கத்து ஊர் யெஸ்ஹைம் வரை ஓட்டிப் பார்த்தபோது கரவன் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்தது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோன் அடித்துக் கையால் சைகை காட்டினான்.

திரும்பி வந்ததும் குகதாசன் நூலை இழுத்துப் பார்த்தார். அது நீண்டது.

"தம்பி, இடப்பக்கம் ஆர் பிடிச்சது?"

"நாந்தாண்ணா. கொஞ்சம் டைட்டா பிடிச்சேன். நூல் தொய்யக்கூடாதில்ல?"

"நூல் தொய்யேல்லை. என்ர அச்சுத்தான் கோணிப் போச்சு."

அடுத்த நாள் பணிமனையிலிருந்து இரும்பு அளவு நாடாவைக் கொண்டுவந்தார். நாடாவின் நுனியில் இழுக்கும் பலத்தைக் காட்டும் வில்தராசை மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுத்து அளந்து, அச்சைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். கரவனை நிறுத்திவிட்டு, டயரில் வெள்ளைச் சோக்கால் கோடு போட்டார்.

அடுத்த இரண்டு வாரம் கரவனைக் காரில் கொளுவவே இல்லை. சனிக்கிழமை போய்ப் பார்த்தார். இடது டயரில் சோக்குக் கோடு அழிந்து, ஓரம் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தது. கரவனின் பட்டரியும் அரைவாசி இறங்கியிருந்தது.

குகதாசன் தலையில் கைவைத்தார். "ஓடாத ரயர் தேயுமா?"

"வித்துப்போடுவம்" என்றார் இராஜேஸ்வரி.

அப்போது முற்றத்தின் காவலாளி எட்வேட் கோப்பிக் கோப்பையோடு வந்தார். அறுபது வயது, அவசரமே இல்லாத மனிதர். அவர் நோர்வேஜிய மொழியில் இராஜேஸ்வரியைத்தான் முதலில் பாராட்டினார்.

"நேற்று மிக அழகாகத் திருப்பினீர்கள். ஒரு முறைகூடப் பக்கத்துக் கரவனில் முட்டவில்லை."

"என்னத்தைத் திருப்பினது?" குகதாசன் நிமிர்ந்து மனைவியைக் கேட்டார்.

இராஜேஸ்வரி சொன்னார்: "உங்களுக்கு வெள்ளியில வேலை. நான் இஞ்சை வந்து விளக்கு வைக்கிறனான். சாமி தெற்கைப் பாக்க விளக்கு வைக்கலாமே? ரிமோட்டால கரவனை வெளியில எடுத்து, கிழக்கைப் பாக்கத் திருப்பி, விளக்கு வைச்சு, பிறகு பழையபடி விடுறன். கரவன் முகாமுக்குப் போனாலும் நீங்கள் குளிக்கப் போற நேரம் அப்பிடித்தான்."

கரவனின் அடியில், காரில்லாமலே அதை நகர்த்தும் சிறிய மோட்டாரும் அதற்கொரு ரிமோட்டும் இருந்தன. இடப்பக்கம் திருப்பினால் அது இடது சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலதை மட்டும் ஓட்டும். கரவனின் ஆயிரத்து முந்நூறு கிலோவும் இடது டயரை நின்ற இடத்திலேயே தாரில் வைத்து மிளகாய் அரைப்பதுபோல் அரைக்கும். திரும்பும்போது ஒரு தரம், பழைய இடத்துக்கு வரும்போது இன்னொரு தரம்.

குகதாசன் கோபப்படுவார் என்று இராஜேஸ்வரி எதிர்பார்த்தார். அவரோ இரண்டு கையையும் உயர்த்தித் துள்ளினார்.

"அப்ப அச்சு நேர்! ஆரம்பத்தில இருந்தே நேர்! நான் சொன்னனான்தானே!"

"நேரெண்டால் நேர். ஆனால் நான் விளக்கைத் தெற்கைப் பாத்து வைக்க மாட்டன். லொஃபோட்டனிலையும் வைக்க மாட்டன்."

துள்ளல் நின்றது. அப்படியென்றால் ஒவ்வொரு முகாமிலும் ஒரு டயர் போகும். இரண்டு பேரும் எட்வேட்டிடம் விஷயத்தை நோர்வேஜிய மொழியில் சொன்னார்கள். அவர் கதவால் உள்ளே எட்டி, முன்சுவரில் ஒற்றைக் கொக்கியில் தொங்கிய படத்தை ஒரு மிடறு கோப்பி குடிக்கும் நேரம் பார்த்தார்.

"நாலு சுவரிலும் ஒவ்வொரு கொக்கி அடியுங்கள். பிறகு கரவனை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கிழக்கைப் பார்க்க மாற்றி மாட்டுங்கள்."