ரப்பர் பாலில் போட்ட ஒயரிங்

"…சிரிக்கிறதுக்கு எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்லீங்க. ஆனா நான் வாயைத் திறந்த பிறகு, ஏன் திறந்தேன்னு யாரும் என்னைக் கேக்கக் கூடாது" என்றார் மாப்பிள்ளை, உதடு அசையாமல்.

தாலி கட்டி முடிந்த காலை. பகா டவுனிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "கொஞ்சம் சிரிங்க மாப்பிள்ளை" என்று கெஞ்சியதற்கு வந்த பதில் அது. மாப்பிள்ளை சிங்காரத்துக்குப் பக்கத்தில் என் தங்கை ராஜம். அவளுக்குப் பின்னால் அப்பா. ஓரத்தில், படத்தில் பாதி விழுந்தும் விழாமலும் நான். அந்த வாய் மூடியிருந்ததற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அது நான்தான்.

ஒரு வேலையும் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. வேலை தெரிந்தவன் பக்கத்தில் கொஞ்ச நாள் நின்று பார்த்தவன் இருக்கிறானே, அவனிடமிருந்துதான் ஊரைக் காப்பாற்ற வேண்டும். நான் எங்கள் ரப்பர் தோட்டத்து இஞ்சின் வீட்டில் எண்ணெய் போடும் ஆள். (வெளியில் கேட்டால் 'ஃபிட்டர்' என்பேன். ஃபிட்டர் காதில் விழாத தூரத்தில்.)

அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. சப்பான்காரன் ஆண்ட காலம் முழுக்க மாட்டுக் கொட்டகையில், லாலான் புல்லுக்கு அடியில் படுத்துக் கிடந்து உயிர் பிழைத்த கார். வெளியே இழுத்துப் பார்த்தபோது தகரம் இருந்தது, இஞ்சின் இருந்தது, சீட்டுக்கூட இருந்தது. ஒயர் மட்டும் ஒரு முழம்கூட இல்லை. எலி தின்றுவிட்டது. அப்பா சொல்வார்: "சப்பான்காரன் கண்ணுல மண்ணைத் தூவிட்டேன். எலிக்கு எங்கேர்ந்து தூவறது?"

அந்தக் காருக்கு வேலை வந்தது ராஜத்தின் கல்யாணத்தில். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டை அடைத்தால் விடிந்து ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவில் அந்த ராஜா வந்தாலும் வெளியேதான். ஐயர் குறித்துக் கொடுத்த முகூர்த்தமோ விடியற்காலையில், கேட் திறப்பதற்கு முன்னால். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் காலையிலேயே வந்து உள்ளே தங்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தம்பின் டவுன் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம்தான் லீவு. அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. டாக்சிக்காரர்கள் எங்கள் காட்டு ரோட்டின் பேரைக் கேட்டாலே பெட்ரோல் இல்லை என்றார்கள். ஆக, ஆறு மணிக்குள் மாப்பிள்ளை வேலிக்கு உள்ளே இருந்தால் கல்யாணம். ஆறு மணிக்கு மேல் வேலிக்கு வெளியே இருந்தால் கல்யாணம் இல்லை.

"புது ஒயரிங் சிங்கப்பூர்லேர்ந்து வரணுமாம். அது வர்றதுக்குள்ள பேரப்பிள்ளையே வந்துரும்" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

"நான் போடறேன்பா" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு யாராவது முன்வருகிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

என் யோசனை எளிமையானது. ஒயர் என்றால் என்ன? உள்ளே செப்புக் கம்பி, வெளியே ரப்பர். செப்புக் கம்பி இஞ்சின் வீட்டுக் குப்பையில் சுருள் சுருளாகக் கிடந்தது. ரப்பரோ, எங்கள் மரங்களிலிருந்து தினமும் சொட்டுகிறது. அதை இங்கேயிருந்து கப்பலேற்றி, சீமையில் கம்பிமேல் பூசி, மறுபடி கப்பலேற்றி நம்மிடமே விற்கிறான் வெள்ளைக்காரன். நடுவில் இருக்கும் கப்பலை எடுத்துவிட்டால் என்ன? இதை நான் சொன்னபோது லயத்து வீடுகளில் பல பேர் வாயைப் பிளந்தார்கள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பிகளில் துணி நாடாவைச் சுற்றினேன். ரப்பர் பாலில் முக்கினேன். எது விளக்குக்கு, எது ஹார்னுக்கு என்று மறக்காமலிருக்க, ராஜத்தின் தையல் பெட்டியிலிருந்து கலர் கலராக நூல் எடுத்து ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போட்டேன். சிவப்பு விளக்கு, பச்சை ஹார்ன், மஞ்சள் வைப்பர். (என் புத்திசாலித்தனத்தை நானே சற்று நேரம் நின்று ரசித்தேன்.) பிறகு, ரப்பர் ஷீட்டைக் காய வைப்பதுபோலவே, எல்லாவற்றையும் புகைவீட்டில் தொங்கவிட்டேன்.

புகைவீட்டுக்கு விறகு போடும் முனுசாமி அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஷீட்டு காயற எடத்துல பாம்பைக் காயப் போட்டிருக்கே?" என்றார்.

"ஒயரிங்குண்ணே."

"எதுவா இருந்தாலும் சரி, என் ஆயுசுல நான் அந்தக் கார்ல ஏறலை" என்றார்.

புகையிலிருந்து எடுத்தபோது ஒயர்கள் நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தன. நூலும் நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒரே சாதியாகிவிட்டன. போதாக்குறைக்கு, கடையில் விற்பதுபோல் கறுப்பாக இருக்கட்டும் என்று மேலே தாரையும் பூசினேன்.

அதன் பிறகு நான் செய்ததற்கு ஒயரிங் என்று பெயரில்லை, சீட்டுக் குலுக்கல். விளக்குக் குமிழை இழுத்தால் ஹார்ன் அடித்தது. ஹார்னை அமுக்கினால் வைப்பர் ஆடியது. வைப்பரைத் திருப்பினால் விளக்கு எரிந்தது. ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்துபோனதால், எரியவே முடியாத தடிமனில் ஒரு கம்பியை அங்கே வைத்தேன்.

அப்பா சுற்றி வந்து பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"நிக்குதா?"

"நிக்குது."

"போதும். மத்ததெல்லாம் குடும்பத்துச் சண்டை மாதிரி. வெளியாளுக்குத் தெரியாம பாத்துக்க."

நான் கிளம்பும்போது ராஜம் சன்னல் ஓரமாக வந்து நின்றாள். பெண் பார்க்க வந்த அன்று அவள் குனிந்த தலை நிமிரவில்லை. மாப்பிள்ளையின் கால் விரல்களை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, அவரு சிரிச்சுப் பேசற ஆளான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு. நம்ம அப்பா மாதிரி உம்முன்னு இருந்தா என்னால முடியாது."

"சொல்றேன் போ" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்துப் பேசுகிற ஆள்தான். தம்பினில் காரில் ஏறியதுமே மூக்கைச் சுளித்து, "என்ன மச்சான், உள்ள யாராச்சும் ரப்பர் ஷீட்டு காயப் போட்டிருக்கீங்களா?" என்றார். நான் சன்னலை இறக்கிவிட்டேன். தோட்டத்துப் பக்கம் பாதி வழி வருவதற்குள் இஞ்சின் சூட்டில் கறுப்பாக ஒரு சொட்டு அவருடைய பட்டு வேட்டியில் விழுந்தது. "கார் அழுவுது மச்சான்" என்றார். அதற்கும் சிரித்தார். இப்படிப்பட்ட மனிதரை ராஜத்துக்குக் கொடுக்கிறோமே என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ரப்பரைக் கந்தகம் சேர்த்து வேக வைத்தால்தான் சூடு தாங்கும், பச்சை ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பிற்காலத்தில் சிரம்பானில் ஒரு மெக்கானிக் எனக்கு விளக்கினார். அன்று அதைக் கார் தானாகவே விளக்கியது. எங்கள் தோட்டத்து முக்கில் சாலையை மறித்து நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் கை காட்டினார்கள். பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. ஹார்ன் ஆரம்பித்தது.

விளக்குக் குமிழைத் தள்ளினேன். ஹார்ன் நிற்கவில்லை. வைப்பர் ஆடியது. எல்லாவற்றையும் இழுத்தேன், அமுக்கினேன், திருப்பினேன். காது கிழிய அலறிக்கொண்டு, இரண்டு கண்ணையும் சிமிட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு நின்றது கார். கான்ஸ்டபிள்கள் சாலையோர அல்லூர் வாய்க்காலுக்குள் பாய்ந்து துப்பாக்கியை நீட்டினார்கள்.

"அங்காட் தாங்கான்!"

கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். என்னைத் தரையில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். என் முகத்தில் குற்றம் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை கதவோரம் கையைத் தூக்கியபடி நின்றார். அவர்களில் பெரியவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரிந்த மலாய்க்காரர், காட்டைக் காட்டிக் கத்தினார்:

"உள்ளே யாருக்கு சிக்னல் குடுக்கறே?"

"நாங்க அடிக்கலை துவான், காருதான் அடிக்குது" என்றார் மாப்பிள்ளை.

"காரு தானா அடிக்குமா?"

"இந்தக் காரு அடிக்கும். இதுக்கு ஒயரிங் போட்டது என் மச்சான்."

"நிறுத்து!"

மாப்பிள்ளை உள்ளே கை நீட்டப் போனார். துப்பாக்கி நிமிர்ந்தது. "கை உள்ளே போகக் கூடாது! போனா சுட்டுருவேன்!"

மரங்களுக்கு நடுவே இருட்டிக்கொண்டு வந்தது. கேட் அடைக்க எத்தனை நிமிடம் இருக்கிறது என்று தரையில் படுத்தபடி என்னால் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். (கை மேலேதானே இருந்தது.) பிறகு மரியாதையாகக் கேட்டார்:

"வாய் உள்ளே போகலாங்களா துவான்?"

பெரியவர் யோசித்தார். வாயைப் பற்றி அவருக்கு யாரும் உத்தரவு போட்டிருக்கவில்லை. "போகலாம்" என்றார்.

இரண்டு கையையும் தூக்கியபடியே மாப்பிள்ளை குனிந்து காருக்குள் தலையை விட்டார். "மீட்டருக்குக் கீழே! தடிசா இருக்கும்!" என்று நான் மண்ணுக்குள்ளிருந்து கத்தினேன். எல்லாமே தடிசாகத்தான் இருந்தன. அவர் மொத்த ஒயர்க் கட்டையும் கரும்பு கடிப்பதுபோல் கடித்து இழுத்தார்.

ஹார்ன் நின்றது. வைப்பர் நின்றது. இஞ்சினும் நின்றது. அதன் பிறகு சில்வண்டுச் சத்தம்தான்.

வாயில் தாரோடும் தோளில் ஒயரோடும் நிமிர்ந்த மாப்பிள்ளையைப் பார்த்தார் பெரியவர். பட்டு வேட்டியைப் பார்த்தார். பின்சீட்டில் இருந்த மாலையைப் பார்த்தார். "கல்யாணமா?" என்றார். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் ஆட்களைக் கூப்பிட்டார். எல்லோருமாகச் சேர்ந்து தள்ளினார்கள். கேட்டில் அப்பா காவல்காரனிடம் தோட்டத்தின் வரலாறு முழுவதையும் சொல்லி நேரம் கடத்திக்கொண்டிருந்தார். ஒரு கதவு மூடி மறு கதவு நகரும்போது கார் உள்ளே உருண்டது. இஞ்சின் இல்லை, விளக்கு இல்லை, ஹார்ன் இல்லை. என் ஒயரிங் போட்ட பிறகு அந்தக் கார் ஒழுங்காகப் போனது அந்த ஒரு தடவைதான்.

மாப்பிள்ளை வந்துவிட்டார். தார் போகவில்லை. தேங்காயெண்ணெய், சாம்பல், உப்பு எல்லாம் போட்டும் உதடு மட்டும்தான் வெளுத்தது. பல் அத்தனையும் கறுப்பு. "பொண்ணு காதுக்குப் போச்சுன்னா தொலைச்சுருவேன்" என்றார் அப்பா. ராஜத்தின் பக்கமே நான் போகவில்லை. கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை மணவறையில் மந்திரத்தையெல்லாம் மூக்காலேயே முனகினார். தாலி கட்டும்போதும் வாய் திறக்கவில்லை. ராஜம் அன்றுதான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தால், "முதல்ல மாப்பிள்ளை பல்லை யாராச்சும் காப்பாத்துங்க" என்பார்கள். என் பேரன் ஃபேன் மாட்டும்போதும் சொன்னார்கள். அவன் எலெக்ட்ரிகல் படித்தவன். படிப்பெல்லாம் இந்தக் குடும்பத்தில் செல்லாது.

அந்தப் படத்துக்கு வருகிறேன். 'ஏன் திறந்தேன்னு யாரும் என்னைக் கேக்கக் கூடாது' என்று மாப்பிள்ளை சொன்னாரல்லவா? ராஜத்தின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. குனிந்த தலை நிமிராமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதாக நினைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் மண்ணைப் பார்த்தேன். போட்டோக்காரர் துணிக்குள்ளிருந்து "அசையாதீங்க, அசையாதீங்க" என்றார்.

மாப்பிள்ளை அசைந்தார். ராஜத்தின் பக்கம் முழுசாகத் திரும்பி, கடைவாய் வரைக்கும் தெரிய, அத்தனை கறுப்புப் பல்லையும் காட்டிச் சிரித்தார்.