சனிக்கிழமை இரண்டு மணிக்கு எனக்கு வேறு அலுவல்

மிசிசாகாவில் மூன்று கார்களோடும் ஒரு கலியாண வீட்டோடும் சிறப்புற்றிருக்கும் அன்பு அக்கா யோகமலருக்கு, பார்க்டேலில் இருந்து தம்பி ஜனார்த்தனன் எழுதுவது. நான் சுகம். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குத்தான் சுகமில்லை.

அக்கா, பிரதீபாவின் கலியாணத்துக்கு நான் வரமாட்டேன். ஃபோனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நானும் ஓமென்றுவிடுவேன், அதனால்தான் கடிதம். தாய்மாமன் இல்லாமல் என்ன கலியாணம் என்பீர்கள். ஆனால் இல்லத்தில் என் மகள் கோபிகாவைப் பார்க்க விடுகிற நேரமும் சனிக்கிழமை இரண்டு மணிதான்.

ரதி கண்ணை மூடிய பிறகு, தாயில்லாத அந்த ஒன்பது வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கடித்ததும், ஓடி ஒளித்ததும், கடைசியில் அவளை அந்தப் பிள்ளைகள் இல்லத்தில் விட நானே கையெழுத்து வைத்ததும் உங்களுக்குத் தெரியும். முதல் சனிக்கிழமை நான் என்ன செய்தேன்? இரண்டு மணி என்றால் எங்கள் ஆட்களின் இரண்டு மணி என்று நினைத்து, மூன்றேகாலுக்கு, ஆறு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அறுபது மட்டன் ரோல்ஸோடு போய் இறங்கினேன். அவள் ஒன்றரையிலிருந்து சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்றாளாம். என்னைக் கண்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அவளைப் பராமரிக்கிற கிளிபோட், ஆள் ஆறடி, குரல் மட்டும் பஞ்சு, மூன்றாவது ரோல்ஸைக் கடித்தபடி சொன்னான்: "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. நீங்கள் பிந்துகிற ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு அதுதான். அவள் வெளியே வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்கு வந்து இருங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம். வீட்டுக்கு வா என்று கெஞ்ச வேண்டாம்."

வாய் மூடத் தெரியாத எனக்கு இப்படியொரு வேலை. இப்போது பன்னிரண்டு மணிக்கே போய்க் காருக்குள் காவல் இருக்கிறேன். பதினொரு கிழமை, சனிக்குச் சனி, அவள் கதவடியில் நிலத்தில் குந்தியிருந்தேன் அக்கா. பதினோராவது கிழமை நித்திரையாகிக் குறட்டை விட்டிருக்கிறேன். கதவு திறந்தது.

"அப்பா, நீங்க ஸ்னோர் பண்ணுறீங்கள்."

"ஓம் பிள்ளை. கொம்மாவும் இதைத்தான் சொல்லுறவ."

ஒரு முழம் தள்ளி வந்து இருந்தாள். போன சனி அது அரை முழம். இதை விட்டுவிட்டு நான் எப்படி மணவறையடியில் சிரித்துக்கொண்டு நிற்பது?

மணமக்கள் சண்டை பிடித்தாலும் ஒரே வீட்டுக்குள் பிடிக்கட்டும். அத்தான் கோபப்படுவதானால் பிறஷர் குளிசை போட்டபின் கோபப்படச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
ஜனார்த்தனன்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போக கிளிபோட் எனக்கு ஃபோன் எடுத்தான். கலியாணக் கதையை அவளிடம் சொல்லிவிட்டானாம். அவள், "அப்பா மச்சாளின்ர வெடிங்குக்குப் போகட்டும். ஞாயிறு வரட்டும். அவர் வருவார்" என்றாளாம். பெரிய முன்னேற்றம் என்று அவன் துள்ளுகிறான். எனக்கும் சந்தோசம்தான். ஆகவே வருகிறேன், ஒரு கதிரை போட்டு வையுங்கள். இரண்டு மணிக்கு மட்டும் ஒருவரும் என்னோடு கதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.