கஷ்டமான வேலையா ஒண்ணு கொடுங்க

விமான நிலையத்திலிருந்து கிளம்பிய வண்டி முதல் திருப்பம் திரும்பியதுமே கடல் தெரிந்தது. அண்ணன் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். நீட்டிய தலையை உள்ளே இழுக்காமலேயே சொன்னார்.

"உனக்கென்னடா, வருஷம் பூரா லீவு!"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். இந்த ஒரு வாக்கியத்தை ஃபோனில் வருஷக் கணக்காகக் கேட்டு அவன் காது புளித்திருந்தது. தலைவலி என்றாலும் இதே பதில்தான், தூக்கமில்லை என்றாலும் இதே பதில்தான். இப்போது அண்ணன் டிக்கெட் எடுத்து நேரிலேயே வந்து சொல்கிறார்.

மெக்கானிக் ஏ.சி. ரிப்பேர் செய்யத் தீவுக்கு வந்தவன். வெயில் அடித்தால்தான் ஏ.சி. ஓடும், ஓடினால்தான் கெடும், கெட்டால்தான் அவனுக்குச் சோறு. கடலை அவன் பார்த்ததெல்லாம் மொட்டை மாடிகளிலிருந்துதான், அதுவும் கண்ணில் வழியும் வேர்வையைத் துடைக்கிற இடைவெளியில். இன்றுவரை அதில் கால் நனைத்ததில்லை.

"அப்படியெல்லாம் இல்லண்ணே" என்றான்.

"பாருங்க தம்பி, காத்து எப்படி அடிக்குது!" என்று பின்சீட்டிலிருந்து அண்ணி சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலிருந்து அண்ணனை வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் இங்கே என்ன பாடு படறேன்னு கண்ணால பாக்கட்டும்."

"பாவம்ங்க, வந்ததே ஒரு வாரம். பேசாம லீவு போடுங்களேன். எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போகலாம்."

"லீவு போட்டா அவர் சொன்னது உண்மையாயிடும்!"

"நீங்க லீவு போட்டு நான் பார்த்ததே இல்ல."

"அதைத்தான் அவர் தெரிஞ்சுக்கணும்."

மனைவி கொஞ்ச நேரம் கத்தியையே பார்த்தாள். பிறகு, "சரி, வேலைக்கே கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். இவ்வளவு சுலபத்தில் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. மெக்கானிக்குக் கோபத்தில் அது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் கம்பெனிக்கு ஃபோன் போட்டான். எந்த மெக்கானிக் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அங்கே ஒரு அம்மாள். ஃபோனில் மட்டுமே பேசுகிறவர் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘போனக்கா’. குரலைத் தெரிந்த அளவுக்கு அவர் முகம் யாருக்கும் தெரியாது.

"அக்கா, இந்த வாரம் கஷ்டமான வேலையா ஒண்ணு கொடுங்க. மொட்டை மாடியா இருக்கணும். நிழலே இருக்கக் கூடாது."

"ஏன் தம்பி, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கொடுங்கக்கா."

"கடற்கரை ஹோட்டல்ல ஒரு ஏ.சி. ஓடலையாம். கிளம்புங்க. பெரிய தொல்லை பிடிச்ச கேஸு."

மெக்கானிக் மகிழ்ந்து போனான். கிளம்பும்போது மனைவி ஒரு பையை நீட்டினாள். உள்ளே பூப்போட்ட பெரிய துண்டுகள் இரண்டு.

"எதுக்கு?"

"வேர்க்குமில்ல?"

ஹோட்டலில் ஒரு மேனேஜரம்மா வாசலுக்கே வந்து சிரித்தார். அறைக்குப் போகிற வழியெல்லாம் மெக்கானிக் அண்ணனைத் தயார் செய்துகொண்டே வந்தான். "இதுல கரண்டு ஷாக் அடிக்கும். கேஸ் லீக்காகும். ஒரு தடவை என் புருவமே கருகிடுச்சு. நீங்க எட்டவே நில்லுங்கண்ணே."

அண்ணன் பயபக்தியோடு எட்டி நின்றார்.

மெக்கானிக் ஏணி போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, இறங்கி, சுவரோரம் குனிந்தான். சுவிட்ச் போடப்படாமல் இருந்தது. போட்டான். குளுகுளுவென்று காற்று வந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

"இது... இன்னிக்கு இப்படி அமைஞ்சிருச்சு."

மேனேஜரம்மா இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னார். பிறகு அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொல்லி நீச்சல் குளத்தைக் காட்டினார்.

"என்னடா சொல்றாங்க?"

"தண்ணி ரொம்ப ஆழம், கிட்டே போக வேண்டாம்னு சொல்றாங்க" என்று மெக்கானிக் மொழிபெயர்த்தான்.

மேனேஜரம்மா அண்ணன் கையில் இருந்த பையைத் திறந்து துண்டை எடுத்து, அவர் தோளில் போட்டுவிட்டுப் போனார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அடுத்த நிமிஷம் அண்ணன் குளத்துக்குள் இருந்தார்.

விடக் கூடாது என்று நினைத்தான் மெக்கானிக். குளத்தை ஒட்டிய சுவரில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு ஏ.சி.யின் வெளிப்பெட்டி இருந்தது. சுட்டெரிக்கும் வெயிலில் அதைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்ய உட்கார்ந்தான்.

"அண்ணே, இங்கே பாருங்க! எப்படிக் கொதிக்குது பாருங்க!"

அண்ணன் பார்ப்பதற்குள் ஹோட்டல் சமையற்காரர் ஒரு பெரிய குடையோடு ஓடிவந்து அவன் தலைக்கு மேலே பிடித்தார். பின்னாலேயே பழச்சாறு வந்தது. அதிர்ச்சியில் மெக்கானிக்கின் கையிலிருந்த திருகாணி உருண்டு குளத்தில் விழுந்தது.

"நான் எடுக்கிறேன்!" என்று அண்ணன் மூழ்கினார். சின்ன வயதில் கிணற்றில் குதித்த உற்சாகம் அவருக்குத் திரும்பிவிட்டது. எடுத்த திருகாணியை நழுவவிட்டு நழுவவிட்டுத் திரும்பத் திரும்ப மூழ்கினார். கடைசியில் அதைக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க, "உன் வேலையில இதுதான் கஷ்டமான பகுதியாடா?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் மெக்கானிக்கைக் கொன்றது.

மறுநாள் போன வீட்டில் ரிமோட்டுக்கு பேட்டரி இல்லை. பேட்டரி போட்டதற்கு விருந்துச் சாப்பாடு கிடைத்தது. அதற்கும் மறுநாள் போன வீட்டில் ஏ.சி.யே சரியாக இருந்தது. வீட்டுக்காரத் தாத்தா "நீங்க வந்த வேளையில சரியாயிடுச்சு" என்று சொல்லி, தோட்டத்து ஊஞ்சலில் இருவரையும் உட்காரவைத்து ஆட்டியும் விட்டார். அண்ணன் அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், ‘தம்பி வெட்டி முறிக்கிறான்’ என்று போட்டார். ஊரிலிருந்து சித்தப்பா குரல் செய்தி அனுப்பினார். "எனக்கு மூட்டுவலிதான். இருந்தாலும் இந்த வேலையைச் செஞ்சிடுவேன். கேட்டுச் சொல்லுப்பா."

மெக்கானிக் போனக்காவிடம் கத்தினான்.

"அக்கா, நான் கேட்டது என்ன, நீங்க கொடுக்கிறது என்ன? மீன் வைக்கிற குளிர்கிடங்கு ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. நாத்தம் அடிக்கணும்!"

"இருக்கு தம்பி. படகுத்துறைக்குப் போங்க. ஒரு படகுல ஐஸ்பெட்டி மிஷின் கடகடன்னு சத்தம் போடுதாம்."

படகுக்காரர் தயாராக நின்றார். மெக்கானிக் மிஷினில் காதை வைத்துப் பார்த்தான். பூனைக்குட்டி மாதிரி சாதுவாக உறுமிக்கொண்டிருந்தது.

"சத்தமே இல்லையே?"

"இங்கே வராது. நடுக்கடலுக்குப் போனாத்தான் வரும்" என்றார் படகுக்காரர்.

அந்த நேரம் பார்த்து மனைவியும் அண்ணியும் ஆளுக்கொரு சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தார்கள். மறந்து வைத்துவிட்டு வந்ததைக் கொடுக்க வந்தார்களாம். மெக்கானிக் எதையும் மறக்கவில்லை. அவன் தூக்கு அவன் கையிலேயே இருந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர்களும் ஏறிவிட, படகு கிளம்பிவிட்டது.

நடுக்கடலிலும் சத்தம் வரவில்லை. "கொஞ்சம் தள்ளி வரும்" என்றார் படகுக்காரர். கொஞ்சம் தள்ளிப் போனதில், ஆளே இல்லாத ஒரு மணல்திட்டு வந்தது. முழங்கால் ஆழத்துக்குக் கண்ணாடித் தண்ணீர். அண்ணியும் மனைவியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மனைவி அப்படி வாய்விட்டுச் சிரித்து மெக்கானிக் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அவன் மட்டும் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில், ஸ்பேனரைப் பிடித்தபடி, சத்தத்துக்காகக் காத்திருந்தான். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மெக்கானிக் ஸ்பேனரை மடியில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, சத்தியமா தினமும் இப்படி இல்லண்ணே. தகரக் கூரை மேல கை வெச்சாத் தோலு உரிஞ்சு வரும். ராத்திரி குளிக்கும்போது உடம்பு பூரா எரியும். நீங்க வந்த நேரம் பார்த்து எல்லாம் கோணலா நடக்குது. நான் இங்கே லீவுல இல்லண்ணே." அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

அப்பா போன பிறகு இவனைப் படிக்கவைத்தவர் அண்ணன்தான். தொழிற்பள்ளியில் சேர்க்க அழைத்துப்போன அன்று இந்தக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனார். இப்போது அதே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூட்டுக் காயங்களும் கீறல்களும் நிறையவே இருந்தன. ஒரு காயத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"இதைப் பார்த்தா எனக்குத் தெரியாதாடா?"

"அப்புறம் ஏன்ணே..."

"அம்மா தினமும் கேக்கறாங்க, சின்னவன் கஷ்டப்படறானான்னு. நான் ஃபோன்ல உன்னைச் சீண்டினா அவங்க சிரிப்பாங்க. அப்படியே பழகிடுச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். மொழி தெரியாத ஊர்ல எவன்டா இவனுக்கு இருக்கான்னு." அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இங்கே வந்து பார்த்தா ஒருத்தி துண்டு போத்தறா, ஒருத்தன் குடை பிடிக்கிறான், தாத்தா ஊஞ்சல் ஆட்டறாரு. வேலை ஒழுங்காச் செய்யாதவனுக்கு யாருடா இதெல்லாம் செய்வாங்க? எனக்கு இது போதும்."

மெக்கானிக் எழுந்தான். ஸ்பேனரைக் கீழே வைத்தான். பூட்ஸைக் கழற்றினான். கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கினான். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. இத்தனை வருஷமாக இது இங்கேயேதான் இருந்திருக்கிறது என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. மனைவி அவன் மேல் தண்ணீரை வாரி அடித்தாள். அவனும் அடித்தான். சாயங்காலம் வரைக்கும் அந்த மிஷினின் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பும்போது அண்ணி அழுதார். அண்ணன் அழாமல் இருப்பதற்காக மூட்டைமுடிச்சுகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார். உள்ளே போகிற வாசலில் நின்று, "டேய், உடம்பைப் பார்த்துக்கடா" என்றார். முதல் தடவையாக அவர் ‘லீவு’ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் மெக்கானிக் மனசு நிறைந்துபோய்க் கம்பெனிக்கு ஃபோன் போட்டான். இந்தத் தீவு மனிதர்களைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"அக்கா, நான்தான். இன்னிக்கு எந்த வேலையா இருந்தாலும் சரிக்கா, கொடுங்க. இந்த ஊர்ல எல்லாருமே தங்கமான ஜனங்க."

"வாங்க தம்பி!" என்றார் போனக்கா. "உங்க வீட்டம்மா உங்களுக்குப் போட்ட லீவுதான் நேத்தோட முடிஞ்சுதே. அவங்க கேட்டாங்கன்னு ஒரு வாரமா உங்களுக்குப் பொய் ரிப்பேர் யோசிச்சு யோசிச்சு, ஒவ்வொரு வீடா ஆள் பிடிச்சு என் மண்டையே காஞ்சுபோச்சு. இனிமேலாவது நான் கொஞ்சம் நிம்மதியா நிஜ ரிப்பேர் கொடுக்கிறேன்."