கம்பளிக் கடல் வற்றிய காதை

வாளேந்திய கரங்களை உலகம் வேண்டிய மட்டும் வாழ்த்திவிட்டது. இனி நாம் பின்னல் ஊசி ஏந்திய கரத்தை வாழ்த்துவோம். நெடுங்காட்டு வரப்புகளில் வெயில் குடித்து வளர்ந்தவளும், நீலமேகத்தின் கைப்பிடித்த நாள்முதல் வாய்க்காலின் வரவு பார்த்தே விழி பூத்துப்போனவளும், களையெடுப்பில் காற்றினும் கடியவளும், சொல்லிலே வறட்சியும் நோக்கிலே பெருமழையும் உடையவளுமாகிய ராஜம் என்னும் வீராங்கனையே, நீ வாழ்க. நின் ஊசிகள் இரண்டும் வாழ்க. நின் மடியிலே மறைந்திருந்த நீலநூல் உருண்டையும் வாழ்க. அதன் பொருட்டன்றோ காரைக்கால் மாதர் மன்றத்தின் ஓடு வேய்ந்த கூடம், குருதி ஒன்று நீங்கலாக மற்றெல்லாம் சிந்திய பெருங்களமாயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம். தெருநாய்களும் நிழல் கிடைத்தாலன்றிக் குரைப்பதில்லை என்று விரதம் பூண்டிருந்த அந்தக் கொடுங்கோடையில், கம்பளிநூல் கொண்டு பின்னுவதென்னும் அரும்பெருந் துணிபு மன்றத் தலைவியின் நெஞ்சில் உதித்தது. அவர் ஞானசௌந்தரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் பெற்ற கணவரோடு நெடுங்காலம் கடல்கடந்து வாழ்ந்து திரும்பியவர். ஊரெல்லாம் மதாம் என்றே விளிக்கப்படுபவர். மார்கழிப் பனிக்கு ஒரு மப்ளர் சுற்றுவதோடு குளிரென்னும் பகைவனை வென்று முடித்துவிடும் நாட்டிலே, பனிக்கட்டி உறைந்த தேசத்தின் கலையை நாட்டுவேன் என்று அவர் சூளுரைத்தார். காரைக்கால் சீமை முழுவதையும், கடலும் கரையும் நகரும் வயலுமாக, ஒரே கம்பளிப் படமாய்ப் பின்னிப் புதுச்சேரிக் கலைக் கண்காட்சியில் தொங்கவிடுவது என்பதே அவரது திட்டம்.

"இது தனி ஒருத்தர் வேலை இல்ல. எல்லாரும் சேர்ந்து பின்னுறது. யாரு எதப் பின்னுனாங்கன்னு யாரும் கேக்கக் கூடாது," என்று முதற் சனிக்கிழமையே மதாம் பிரகடனம் செய்தார். கூடியிருந்த மகளிர், வியர்வையில் வழுக்கும் ஊசிகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அப்படியே ஆகுக என்று தலையசைத்தனர்.

பின்னர் நாடு பங்கிடப்பட்டது. வேந்தர் தம் மைந்தருக்கு மண்டலங்களைப் பிரித்தளித்தாற்போல், தரையில் விரித்த பெரிய வரைபடத்தின்மேல் நடந்தபடியே மதாம் பகுத்தளித்தார். திருமலைராயன்பட்டினத்து மெஹர் பானுவுக்குக் கடல். காரைக்கால்மேட்டுக் குஞ்சம்மாவுக்கு மணற்கரையும் படகுகளும். நெடுங்காட்டு ராஜத்துக்கு வயல்வெளி. தெருக்களும் கட்டடங்களும் கண்ணுக்கு முதலில் படுகிற நட்டநடு இடமும், பிறர் சிரமம் பொறாத பெருங்கருணையால், மதாமுக்கே.

பச்சை நூலும் பழுப்பு நூலும் உள்ளூர்க் கடைகளில் கிடைத்தன. நீலம் மட்டும் அவ்வாறன்று. மதாமின் தம்பி பிரான்சிலிருந்து அனுப்பிய ஒரே மூட்டையில் வந்தது அது. மழை கழுவிய மறுநாட் கடலின் நிறம். அந்நிறத்துக்கு இணையாக ஒரு நூல் காரைக்காலிலும் இல்லை, கும்பகோணத்திலும் இல்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சத்தியம் செய்தனர். மூட்டை கூடத்தின் மூலையில், மூலவர் போல் வீற்றிருந்தது.

பகைக்கு வித்து எங்கே விழுந்தது என்று கேட்பீராயின், கூறுவோம். வரைபடத்தில் நெடுங்காட்டுக்குப் பாயும் வாய்க்கால் ஒரே கோடாக வரையப்பட்டிருந்தது. ஒரே ஒரு பின்னற் கண்ணியின் அகலம். தலைமயிரைக் கிழித்துப் போட்டாற்போன்ற அந்த நீலக்கோட்டை ராஜம் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"மதாம், எங்க வாய்க்கா இதவிட அகலங்க."

"படத்துல அவ்வளவுதாங்க ராஜம் எடம் இருக்கு."

"நெசத்துலயும் தண்ணி கேட்டா அப்படித்தாங்க சொல்றாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ராஜம் அமர்ந்தாள்.

அவ்வாண்டும் மேட்டூர்த் தண்ணீர் நாட்கடத்திக்கொண்டிருந்தது. கடைமடைக்கு வருமுன் அதற்கு எத்தனையோ ஊர்களில் விருந்து. நீலமேகம் நாற்றங்காலுக்கு விதை தெளித்துவிட்டு, அரசு அலுவலகத்துக்கும் மதகுக்குமாய் மிதிவண்டியை மிதித்து மிதித்து, இரண்டிடத்தும் இதோ வருகிறது என்னும் ஒரே விடையைப் பெற்றுத் திரும்பினான். நாற்று மஞ்சளாயிற்று. ராஜத்தின் ஊசியோ நீலமாயிற்று.

ஒரு கண்ணி இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. முதற் சனிக்கிழமையில் வாய்க்காலாய் இருந்தது, மறு சனிக்கிழமையில் ஆறாயிற்று. ஆறு கிளை விட்டது. கிளை கன்னிவாய்க்கால் விட்டது. கன்னிகள் ஒவ்வொரு வயலின் வாசலிலும் போய் நின்று கதவு தட்டின. வயல்களின் பச்சைக்கு நடுவே நீலம் தேங்கிற்று. யாரும் கேட்கவில்லை. யாரு பின்னுனதுன்னு கேக்கக் கூடாது என்பதன்றோ மன்றத்தின் சட்டம்? ஆழியைக் குடித்த அகத்தியனும் நாணும்படி, அந்த மூலை மூட்டையை ராஜம் ஓசையின்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மெஹர் பானு இதனை அறியாள். சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் கணவனை நினைந்தபடி, அவன் இருக்கும் திசையாகிய கடலின் தொலைவிளிம்பிலிருந்து தொடங்கிக் கரையை நோக்கி ஒவ்வொரு வரிசையாய்ப் பின்னி வந்துகொண்டிருந்தாள். நேர்த்தியே உருவானவள். ஒரு கண்ணி நழுவினாலும் வரிசை முழுதும் அவிழ்த்து மறுபடி தொடங்குவாள். தன் ஊசிமுனைக்கு அப்பால் பார்க்கும் பழக்கமே அவளுக்கில்லை.

ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை, பின்னிய துண்டுகளை எல்லாம் தரையில் அடுத்தடுத்து வைத்து இணைத்துப் பார்க்கும் நாள் வந்தது. அந்தோ, அக்காட்சியை யாம் எங்ஙனம் உரைப்போம். மேற்கே நெடுங்காடு ஊழிவெள்ளத்தில் மூழ்கினாற்போல் நீலநீராய் நிறைந்து ததும்ப, கிழக்கே கடல் கரைக்கு வாராமல் ஒரு முழத்துக்கு அப்பால் திகைத்து நின்றது. இடையிலே கூடத்தின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

முதலில் வாய் திறந்தவள் குஞ்சம்மா.

"என்னம்மா இது, கடலு அங்கேயே நின்னுகிட்டு இருக்கு? எங்க ஆளுவ படகத் தோள்ல தூக்கிக்கிட்டா போவாங்க?"

மெஹர் பானு மூட்டையை நோக்கி ஓடினாள். உள்ளே காற்று மட்டும் இருந்தது.

"கடலுக்குத் தண்ணி பத்தலங்க மதாம்," என்றாள் அவள், வெறும் மூட்டையை உதறியபடி. "நா பட்டினத்துக்காரி. ஊருல போயி என்னன்னு சொல்லுவேன்?"

"விடு பானு. கடலு கொறஞ்சா உன் வூட்டுக்காரரு வெரசா வந்துடுவாருல்ல," என்றாள் குஞ்சம்மா.

அத்தருணத்தில் விதி ராஜத்தை எழுந்து நிற்கச் செய்தது. மடியிலிருந்து கடைசி நீல உருண்டை நழுவி, தரையில் உருண்டு, இரு நாடுகளுக்கும் நடுவிலே போய் நின்றது.

இரு திசைகளிலிருந்தும் இருவரும் பாய்ந்தனர். இரு யானைகள் ஒரு கரும்புக்குத் துதிக்கை நீட்டினாற்போலவும், தேவரும் அசுரரும் வாசுகியின் தலையும் வாலும் பற்றினாற்போலவும், ராஜம் ஒருபுறமும் மெஹர் பானு மறுபுறமும் பற்றி இழுக்க, உருண்டை அவிழ்ந்தது. அவிழ்ந்த நூல் நாற்காலிக் கால்களைத் தளைத்தது. தளைத்த நாற்காலி சாய்ந்தது. சாய்ந்த நாற்காலி தேநீர்த் தம்ளர்களைச் சாய்த்தது. தேநீர் மதாமின் கம்பளி நகரத்துக் கடைத்தெருவில் வெள்ளமாய்ப் புகுந்தது. சமாதானம் செய்ய வந்த மதாமின் கண்ணாடி நூலிலே சிக்கி, அவர் காதை விட்டுக் கிளம்பிக் களத்தின் நடுவே ஊசலாடிற்று. குஞ்சம்மா வலை பிரிக்கும் வழக்கத்தில் குனிந்து நூலைப் பிரிக்கப் போய், தன் கொண்டையையும் சேர்த்து முடிந்துகொண்டாள். சொல்லம்புகள் பறக்கவில்லை, இருவரும் பல்லைக் கடித்திருந்தமையால் மூச்சின் ஓசை மட்டுமே முரசாய் அதிர்ந்தது. ஈற்றில் ராஜம் வயற்காட்டு வலியெல்லாம் திரட்டி ஓர் இழுப்பு இழுக்க, உருண்டையில் எஞ்சியது மேலே எகிறி, கூடத்தின் ஒரே மின்விசிறியில் மாட்டிற்று. விசிறி திருமாலின் சக்கரம்போல் சுழன்று, பல்லாண்டு எண்ணெய்யும் ஒட்டடையும் படிந்த தன் கழுத்தில் நீலம் முழுவதையும் சுற்றிக்கொண்டு, ஒருமுறை முனகி நின்றது.

கருகிய வாடை பரவிற்று. கடைசி உருண்டை இனி எவர்க்கும் இல்லை.

மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சட்டத்தை மறந்தார். "யாரு இந்த வாய்க்கால இவ்வளவு அகலமாப் பின்னுனது?"

"நாந்தாங்க."

"பிரிச்சிடுங்க ராஜம். கடலுக்கு வேணும்."

ராஜம் தன் வயல்களின்மேல் இரு கைகளையும் ஊன்றி அமர்ந்தாள். இதோ அவளது பிரகடனம். அவள் வாழ்நாளில் பேசியவற்றுள் நெடியது.

"பிரிக்க மாட்டேங்க. எங்க வூட்டுக்காரரு கெஞ்சாத ஆளு இல்ல. நாத்து கண்ணெதுர காயிது. நெசத்துலதான் வரல. நூல்லயாவது ஒருவாட்டி முழுசா வந்துட்டுப் போவட்டுமே. யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

இது கேட்ட மதாம் பெரிய மனிதர்கள் செய்வதையே செய்தார்: ஒரு குழு அமைத்தார். குழுவிற்குத் தலைவர் மதாம். உறுப்பினரும் அவரே, பிறர் எவரும் சம்மதிக்கவில்லை. ஒருவார ஆழ்ந்த ஆராய்ச்சிக்குப் பின் குழு தீர்ப்பு வழங்கியது: வாய்க்கால் உள்ளவாறே இருக்க, கடலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட வெற்றிடம் பழுப்பு நூலால் நிரப்பப்படுக, கடல் உள்வாங்கும் வற்றுநேரத்துச் சேறென்று கண்காட்சியில் விளக்கம் கூறப்படுக.

அடுத்த சனிக்கிழமை. வெற்றி வாகை சூடிய ராஜம், களத்தில் தன் இடத்தில் செம்மாந்து அமர்ந்தாள். எதிரே மெஹர் பானு பழுப்பு நூலை எடுத்தாள். முறையிடவில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. கிடைத்தது இவ்வளவுதான் என்று அறிந்தவர்களின் அடக்கத்தோடு, கடலின் வாயிலே மண்ணைப் பின்னத் தொடங்கினாள். பழுப்பு நூல் மட்டமானது. வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு, வெடித்து வெடித்து வந்தது.

ராஜம் நோக்கினாள். அந்த வெடிப்புகளை அவள் அறிவாள். அன்று காலைதான் அவற்றின்மேல் நடந்து பஸ்ஸுக்கு வந்திருந்தாள். அந்த அடக்கத்தையும் அறிவாள். அலுவலக வாசலில் துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கும் நீலமேகத்தின் தோள்களில் அதைப் பலமுறை கண்டவள். மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மீதியில் கை நனைப்பவர்களின் முகம் அது. பிறந்தது முதல் மேல்மடைக்காரர்களைச் சபித்து வந்த ராஜம், இந்தக் கம்பளி உலகத்தில் மேல்மடைக்காரி தானே என்பதை உணர்ந்தாள். உணர்ந்த கணத்தில் அவளுக்கு வந்தது நாணமன்று, கோபம். யார்மீது என்றுதான் விளங்கவில்லை.

"பானு, அந்த மண்ணப் பின்னாத. பின்னுனத அவுத்துடு."

"ஏங்க்கா, குழு சொல்லிடுச்சுல்ல."

"குழு கெடக்குது. இந்தா, இந்த நுனியப் புடி."

வாய்க்காலின் கடைக்கோடிக் கண்ணியில் ராஜம் ஊசியை நுழைத்தாள், முடிச்சை நெகிழ்த்தாள், மடை திறந்தாள். நீலம் சரசரவென்று அவிழ்ந்தது. ராஜம் இங்கே பிரிக்கப் பிரிக்க, அவளது மடியிலிருந்து கிளம்பிய ஒற்றையிழை மதாமின் நகரத்தைக் கடந்து, குஞ்சம்மாவின் படகுகளைக் கடந்து, மெஹர் பானுவின் ஊசியில் ஏறிக் கடலாயிற்று. வெட்டுமில்லை, ஒட்டுமில்லை. அன்று அக்கூடத்திலே மேற்கிருந்து கிழக்காக, யாருடைய உத்தரவையும் எதிர்பாராமல், தண்ணீர் ஓடிற்று. மகளிர் தத்தம் ஊசிகளை மறந்து அதைப் பார்த்திருந்தனர். மின்விசிறி இன்னும் பழுது பார்க்கப்படாமையால் எல்லோருடைய முகத்திலும் வியர்வை வழிந்தது. ராஜத்தின் கன்னத்தில் வழிந்ததும் அதுவே என்று கொள்வோமாக.

கடல் கரையைத் தொட்டபோது வாய்க்கால் இன்னும் பாதி எஞ்சியிருந்தது.

"போதுங்க்கா," என்று மெஹர் பானு நூலைப் பிடித்து நிறுத்தினாள். "இது உங்க வயலுக்குக் கெடக்கட்டும்."

"கடலாச்சே, இன்னும் ரெண்டு வரிசை போட்டுக்க."

"வேணாங்க்கா. நாத்து காயிதுன்னீங்கள்ல."

பின்னியதைப் பிரித்த நூல், பின்னியபோது பட்ட சுருக்கங்களை மறப்பதில்லை. ஆதலால் மெஹர் பானுவின் தொலைக்கடல் கண்ணாடிபோல் வழுவழுப்பாயும், கரையோரக் கடல் நெளிந்து புரண்டு நுரைத்தாற்போலவும் அமைந்துவிட்டது. புதுச்சேரியில் நடுவராய் வந்த ஜிப்பா அணிந்த கலைமேதை, மற்றெல்லாவற்றையும் கடந்துசென்று அந்த அலைகளின் முன் நின்றார், கழுத்தைச் சாய்த்தார், கண்களை மூடித் திறந்தார். இந்த அலை நுட்பம் எங்கே கற்றது என்று வினவினார்.

"அது பிரான்சுல ஒரு பழைய மொறைங்க," என்றார் மதாம்.

ராஜமும் மெஹர் பானுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மெஹர் பானு தலைமுந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆறுதற் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கிடைத்தது. மதாம் அதை ஏந்தி நிற்கும் புகைப்படம் எடுக்கப்பட்டது. பின்னால் கடலும் கரையும் தெரிந்தன, நெடுங்காடு இருந்த மேற்குப் பக்கம் புகைப்படத்தின் விளிம்புக்கு வெளியே போயிற்று. திசையெட்டும் புகழ் பரப்பி, வாகை சூடி, வென்றவரும் தோற்றவரும் பஸ்ஸின் ஒரே இருக்கையில் தோளுரச அமர்ந்து, கடற்காற்று வெற்றி முரசு கொட்ட, அந்தி சிவந்து ஆரத்தி எடுக்க, மங்கல மகளிர் பெரும்படை காரைக்கால் திரும்பிற்று.

வீட்டில் மாவு தீர்ந்துபோயிருந்ததால், ராத்திரிக்கு ராஜம் ரவா உப்புமா கிண்டினாள்.