வலம் இடமான வீடு

பொறாமைக்கு ஞாபகசக்தி அதிகம். என் சகலன் வீட்டில் எந்தக் கதவு எங்கே என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் துணிவில் என் வீட்டைக் காட்டப்போய்த்தான் மானம் போனது.

இரண்டாயிரங்களின் நடுவில், மனைவியின் அக்கா புருஷனான அவர் மொன்ட்ரியாலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் வீடு வைத்தார். கட்டினார் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையில் செய்த வீடு இரண்டு பாதியாக லொறியில் வந்தது. கிரேன் தூக்கி அத்திவாரத்தில் வைத்தது. காலையில் வெறும் குழி, பின்னேரம் ஜன்னலில் திரைச்சீலை. (சீலை அக்கா கொண்டுவந்தது.) நகருக்குள்ளே வில்லரேயில் மேல்வீட்டுக்காரரின் காலடியைக் கேட்டபடி வாடகைக்கு இருந்த எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு ஞாயிறுதோறும் அங்கே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெறுமையென்று காட்டும் பொள்ளல் சத்தம் வரவில்லை. கவலையாக இருந்தது.

அடுத்த கோடையில் அதே தொழிற்சாலைக்குப் போய், அதே வீடு, ஆனால் அரை அடியாவது பெரிதாக வேண்டும் என்றேன். அகட்டினால் லொறியில் ஏறாதாம். ஜன்னலை நகர்த்தவும் முடியாதாம். எல்லாம் ஒரே அச்சு என்பதால்தான் மலிவாம். ஒரேயொரு மாற்றம் இலவசம்: கண்ணாடியில் தெரிவதுபோல் முழு வீட்டையும் இடம் வலமாக்கித் தருவார்கள். எடுத்துக்கொண்டேன். பிளான் நானே போட்டது என்று உறவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

புதுவீடு குடிபூரலுக்கு உள்ளே எல்லாவற்றையும் மனைவி ஒழுங்குபடுத்தினாள். நான் வெளியே நின்று, சகலன் வீட்டுப் படத்தோடு எங்கள் கூரையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். (ஒரே உயரம்.)

நல்ல நேரம் வந்ததும் ஐயர் என்னை முன்னே விட்டார். என் கையில் சாமிப்படம், பின்னால் விளக்கோடு மனைவி, அவளுக்குப் பின்னால் மொன்ட்ரியால்-நோரிலிருந்து வந்த உறவு முழுக்க. கால் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பியது.

"வாங்கோ ஐயா, இதுதான் சாமியறை. இந்த இடத்திலைதான் வரோணும் எண்டு நானே கீறினது," என்று கதவைத் திறந்தேன்.

கழிப்பறை. கோப்பையின் மூடிகூடத் திறந்திருந்தது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். மனைவி விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். சகலன் மெல்ல வந்து, என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்.

"தம்பி, அது என்ரை வீட்டுச் சாமியறை. உம்மடை அங்காலை கிடக்கு."

பிளான் யாருடையது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முதலில் சிரித்தவர் ஐயர்.

வீடு இன்றும் ஒரு வெடிப்பில்லாமல் நிற்கிறது. சகலன் வந்தால் கோப்பியைக் குடித்துவிட்டு, "ஒருக்காச் சாமியறைக்குப் போட்டு வாறன்," என்று எழும்புவார். குடும்பமே சிரிக்கும். அவர் இடப்பக்கம் திரும்பி, விளக்கைப் போடாமலே சரியான கதவைத் திறப்பார்.

எனக்கு அதிலும் பொறாமைதான். நான் இன்னமும் சிலவேளை இரவில் அவசரத்துக்கு எழும்பி, சாமியறைக்குள் போய் நிற்கிறேன்.